மூன்றாவது பேண்ட்

சவரி முதன்முதலாக என் கவுண்டருக்கு வந்தது 1981 ஜனவரியில். நான் அப்போது பாப்பாரப்பட்டி வழியில் ஒரு சின்னத் தபால் ஆபீஸில் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை. இன்றைக்கும் அங்கே ஆட்கள் வேலை பார்க்கிறார்கள், என் பழைய வினையை அவர்கள் தலையில் கட்டுவானேன்? என் பெயர் பச்சியப்பன், இண்டூர்க்காரன். எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்பது அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். அந்தக் கோபத்துக்குப் பின்னால் விவரம் எவ்வளவு இருந்தது என்பதைத்தான் சவரி எனக்குக் காட்டினார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். துவைத்த வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. ஜன்னல் வழியாக ஒரு நீலப் புத்தகத்தை நீட்டினார். அட்டையில் ஜிலேபி ஜிலேபியாகச் சிங்கள எழுத்து, அதன் கீழே தமிழ், அதற்கும் கீழே இங்கிலீஷ்.

"என்னய்யா இது?"

"ரேடியோ லைசென்ஸுங்க. வருசா வருசம் மொத மாசமே புதுப்பிச்சிப்புடுவேன். இந்த வருசத்துக்கும் போட்டுக் குடுங்க."

"இது சிலோன் லைசென்ஸ் ஆச்சே."

"ஆமாங்க. ரேடியோவும் சிலோன்ல வாங்குனதுதானுங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கூட்டம் சிரித்தால் எனக்கும் வாய் சும்மா இருக்காது. "அங்க நடந்த கல்யாணத்துக்கு இங்க வந்து மொய் எழுதச் சொல்றியே" என்றேன்.

"மொய் எங்க எழுதுனாலும் மொய்தானுங்களே" என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல்.

அப்போது எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிறகு மெள்ள மெள்ளத் தெரிந்துகொண்டேன். அவருடைய தாத்தா காலத்தில் இந்தப் பக்கத்துப் பஞ்சம் ஒன்றில் கிளம்பிப் போன கத்தோலிக்கக் குடும்பம். சவரி பிறந்தது வளர்ந்தது எல்லாம் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். தேயிலை ஃபேக்டரியில் எஞ்சின் ஓட்டுகிற வேலை. இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, தோட்டத்து ஜனங்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டதில், சவரியும் மனைவி தெரசாவும் இந்தியப் பங்கில் விழுந்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, தாத்தாவின் ஊரைத் தேடி இங்கே வந்தார்கள். ஊர் அவர்களைச் 'சிலோன்காரங்க' என்றது. அங்கே இருந்தவரை 'இந்தியாக்காரங்க' என்றார்களாம்.

ஒரே மகள் புஷ்பமேரி. கட்டிக்கொடுத்துவிட்டதால் அவள் குடும்பம் தனிக் குடும்பமாகிவிட்டது. அவர்களுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டிருந்தது, கப்பல் பட்டியலில்தான் முறை வரவில்லை. மகள் குடும்பம் வந்தால் என் வீட்டில் ஏற்றுக்கொள்கிறேன் என்று சவரி இங்கிருந்தே எழுதிக் கொடுத்து, அதன் நகலையும் வைத்திருந்தார்.

நகல் வைக்காத காகிதமே அவரிடம் இல்லை. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் கோயில் கல்யாணச் சீட்டிலிருந்து கப்பல் டிக்கெட்டின் கிழிந்த பாதிவரை எல்லாம் இருக்கும். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. ஒரு காகிதம் இல்லாததால் நாடே இல்லாமல் போன ஜனங்கள் நடுவில் வளர்ந்தவர் அவர் என்பது என் மண்டையில் ஏற நாளாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். பேண்ட் என்றால் ரேடியோ பிடிக்கிற அலைவரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன். ஒரு பேண்ட், இரண்டு பேண்ட் செட்டுகளுக்கு வேண்டாம் என்று அரசாங்கம் அப்போதுதான் தள்ளுபடி செய்திருந்தது. மூன்று பேண்ட் என்றால் கட்டாயம். சவரியுடையது மூன்று பேண்ட். புது லைசென்ஸ் எடுக்க வாங்கிய பில் வேண்டும், வெளிநாட்டுச் செட் என்றால் சுங்கச் சீட்டு வேண்டும். அவரிடம் இருந்த சாமான் பட்டியலில் 'வானொலி - 1' என்று மட்டும் இருந்தது. கம்பெனி பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. தர்மபுரிக்குப் போ என்றேன். தர்மபுரியில் ராமேஸ்வரத்துக்கு எழுது என்றார்கள். ராமேஸ்வரம் பதிலே போடவில்லை.

வேறு யாராக இருந்தாலும் ரேடியோ மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படி எத்தனை வீடு எனக்குத் தெரியும்! சவரிக்கு அது ஆகாது. என்னிடம் ஒரு நம்மூர் லைசென்ஸ் படிவத்தைக் கேட்டு வாங்கினார். தன் நீலப் புத்தகத்தையும் அதையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு எழுந்து வந்தார்.

"சார், ரெண்டுலயும் பின்பக்கம் போட்டிருக்கிற நிபந்தனைய பாருங்க. அதிகாரி கேட்டா காட்டணும், ஆளு மாறுனா எழுதணும், ஊரு மாறுனா சொல்லணும். அதுவேதான் இது. ரெண்டும் வெள்ளைக்காரத் தொரை எழுதுன சட்டம். தொரை போயிட்டான், சட்டத்த ஆளுக்குப் பாதியா வச்சிக்கிட்டாங்க."

பார்த்தேன். வாசகம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. "அதுக்கு நான் என்னய்யா பண்ண?" என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? அவங்க ரெண்டு பேருந்தான் பண்ணணும்."

மறுவாரம் இரண்டு மனுக்களோடு வந்தார். ஒன்று டெல்லிக்கு, ஒன்று கொழும்புக்கு. வாசகம் இரண்டிலும் ஒன்றே. இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம்: 'இரு நாட்டுக்கும் நடுவே இருபது மைல் கடல் உள்ளது. ரேடியோ அலைக்கு அது தெரியாது. ஆகையால் இரு கவர்மெண்டும் கலந்து பேசி, ஒரு நாட்டில் கொடுத்த லைசென்சை மறு நாடும் ஏற்கும்படி ஒரே சட்டமாகச் செய்து தர வேண்டுகிறேன். அதுவரை மேற்படி ரேடியோவை நான் 1980 முதல் உபயோகித்து வருகிறேன் என்பதையும் உண்மையாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.'

டெல்லியிலிருந்து, மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டதாக ஒரு வரி வந்தது. கொழும்பிலிருந்து, 'மனு கிடைத்தது' என்று மும்மொழியில் அச்சடித்த அட்டை. சவரி இரண்டையும் டின்னில் வைத்துக்கொண்டார். விவகாரம் இரண்டு அரசாங்கத்தின் பரிசீலனையில் இருக்கிறது என்பது அவருடைய முடிவு. கேட்டவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார்.

அந்த ரேடியோ அவருக்குப் பாட்டுப் பெட்டி இல்லை. இலங்கை வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பார்கள். நம் பக்கத்து வீடுகளிலும் அதைக் கேட்காதவர்கள் குறைவு. லயத்தில் பிறந்தவரின் பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? அதனால் புஷ்பமேரியே ஒரு நாளை வைத்துவிட்டாள். சவரி என்ற பெயருக்கே உரிய சவேரியார் திருநாள், டிசம்பர் மூன்று. இங்கே வந்த பிறகு வருஷம் தவறாமல் அந்த நாளில் அவளுடைய அட்டை வானொலியில் வாசிக்கப்பட்டது. 'இந்தியா, தர்மபுரி மாவட்டம், பாப்பாரப்பட்டி வழி, அன்பு அப்பா சவரிக்கு, மகள் புஷ்பமேரி, மருமகன் அல்போன்ஸ், பேத்தி ஆகியோர் வாழ்த்துகின்றனர்.' அன்றைக்குத் தெரசா ஒருத்தர் விடாமல் தெருவில் எல்லோருக்கும் கேப்பைப் பணியாரம் கொடுப்பாள்.

1983 ஜூலை கடைசியில் சிலோனில் தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். பேப்பரில் வந்ததை எல்லோரும் படித்தோம். சவரி தினமும் என் கவுண்டருக்கு வந்து நின்றார். கடிதம் இல்லை. ஆகஸ்டில் தந்தி கொடுத்தார். ஒன்பது நாள் கழித்து, மேல்விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அதை நான்தான் அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அழவில்லை. "ஆள் இல்லேன்னா, எடத்துல இல்லேன்னு அர்த்தமுங்களா, உசுரோட இல்லேன்னு அர்த்தமுங்களா?" என்று கேட்டார்.

"டிசம்பர் மூணு வரட்டுங்க" என்றாள் கூட வந்திருந்த தெரசா. "உசுரு இருந்தா அட்டை போட்டிருவா. அவ மறக்கறவ இல்ல."

அதுதான் அவர்களுக்கு மிச்சமிருந்த ஒரே நாள். நாலு மாதம் அந்த நாளைப் பார்த்தே கண்ணை வைத்திருந்தார்கள்.

நவம்பரில் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். லைசென்ஸ் இல்லாத மூன்று பேண்ட் செட்டுகளின் பட்டியல் கேட்டார். என் கையால் எழுதிக் கொடுத்தேன். ஏழு பெயர். சவரி பெயரை எழுதலாமா வேண்டாமா என்று பேனா ஒரு நொடி நின்றது உண்மை. ஆனால் அவர்தான் ஊரறியச் சொல்லிக்கொண்டிருக்கிறாரே, மறைத்தால் என் தலை போகும் என்று எழுதிவிட்டேன்.

இன்ஸ்பெக்டருக்கு வீடு காட்ட நானும் கூடப் போனேன். மற்ற ஆறு வீட்டிலும் ரேடியோ மாயமாகிவிட்டது. விற்றாச்சு, ரிப்பேர், மச்சான் வீட்டில் இருக்கிறது. சவரி வீட்டில் இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி போட்டார்கள். ரேடியோவைத் துடைத்து முன்னால் வைத்துவிட்டு, சவரி டின்னைத் திறந்து மனு நகலையும் இரண்டு பதில்களையும் எடுத்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் படித்தார். கடைசி வரியை இரண்டு தரம் படித்தார்.

"ஏய்யா, லைசென்ஸ் இல்லாம மூணு வருசமா ஓட்டுறேன்னு நீயே கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்திருக்கிறியே?"

"உண்மையத்தானுங்களே எழுதணும்."

"நீ எழுதாம இருந்திருந்தா இப்பதான் வாங்குனேன்னு போட்டு எச்சரிக்கையோட விட்டிருப்பேன். இத கண்ணால பாத்த பொறகு நான் என்ன பண்றது?"

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு ரேடியோவைத் துணியில் கட்டிச் சீல் வைத்துத் தர்மபுரிக்கு எடுத்துப் போனார். டிசம்பர் மூன்று வரைக்குமாவது விட்டு வையுங்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன், கேட்கவில்லை.

டிசம்பர் இரண்டாம் தேதி சவரி கவுண்டருக்கு வந்தார்.

"சார், உங்க வூட்டுல இருக்கிறது ரெண்டு பேண்டுதானுங்களே? அதுக்கு லைசென்ஸ் வேண்டாமில்லீங்களா?"

"வேண்டாம்."

"ஒருத்தரு செட்டுல இன்னொருத்தரு கேக்கறதுக்குச் சட்டம் ஒண்ணும் இல்லீங்களே?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. "நாளைக்கு நாலு மணிக்கு ரெண்டு பேரும் வூட்டுக்கு வாங்க" என்றேன்.

வந்தார்கள். சவேரியார் திருநாள் என்பதால் இருவரும் கோயிலுக்குப் போய்விட்டு நல்ல துணியில் இருந்தார்கள். என் மனைவி தங்கம்மாள் டீ வைத்துக் கொடுத்தாள், குடிக்கவில்லை. தெரசா கையில் ஜெபமாலை. நாலரைக்கு நான் ஸ்டேஷனைப் பிடித்தேன். வாழ்த்து ஆரம்பித்தது.

சவரி ரேடியோவின் முகப்பைக் குனிந்து பார்த்தார். "சார், எங்க செட்டுல மூணாவது பட்டனத்தான் அமுக்குவேனுங்க. இதுல ரெண்டுதான் இருக்குது."

"எல்லாம் ஒண்ணுதான்யா. ஒரே ஸ்டேஷன்தான? அங்க பேசறதுதான் இங்கயும் வரும்."

அவர் தலையாட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆபீஸர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு.

மட்டக்களப்பு, மன்னார், திருகோணமலை என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு வயதுக் குழந்தை, அறுபது வயதுத் தாத்தா. அறிவிப்பாளர் குரலில் ஜூலை மாதத்தின் சாயலே இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் தெரசாவின் விரல் மணியில் நின்று நின்று நகர்ந்தது. கடைசிப் பாட்டுப் போட்டார்கள். நிகழ்ச்சி முடிந்தது.

நான் முள்ளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன். இரைச்சல்தான் வந்தது. சவரி எழுந்து, "போதுமுங்க சார், செட்டு சூடாயிரும்" என்றார்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்த்தார்கள். புது வருஷமும் வந்து போனது. ஜனவரியில் கோயிலில் மகளுக்கும் மருமகனுக்கும் பேத்திக்கும் ஆத்துமப் பூசை வைத்தார்கள். நானும் போய்ப் பின்னால் நின்றேன். அந்தக் கோயிலுக்குள் நான் போனது அது ஒருமுறைதான்.

பூசை முடிந்த மூன்றாம் நாள் சவரி ஒரு கடிதத்தோடு வந்தார். கப்பல் பட்டியல் போடுகிற ஆபீஸுக்கு எழுதியது. என் மகள் குடும்பம் கலவரத்தில் இறந்துபோனதாகத் தெரிகிறது, ஆகையால் நான் எழுதிக் கொடுத்த உறுதியை ரத்து செய்துகொள்ளவும். கீழே கடைசியாக ஒரு வரி: 'மேற்படி மூன்று இடத்தையும் காத்திருக்கும் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்து உதவவும்.'

"இது எதுக்குங்க இப்ப?" என்று கேட்டேன்.

"எடம் சும்மா கெடக்குமுங்களே சார். எத்தன பேரு கரையில நிக்கிறாங்களோ. அந்த எடத்துல வேற ஒரு குடும்பம் ஏறட்டும்."

ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தேன். ரெஜிஸ்தர் போட்டு, ஒப்புதல் அட்டை இணைத்து, ரசீது எழுதிக் கொடுத்தேன். ரசீது டின்னுக்குள் போனது. பிப்ரவரியில் கையெழுத்தோடு ஒப்புதல் அட்டை திரும்பி வந்தது, அதுவும் போனது.

மார்ச் இரண்டாம் வாரம் தபால் பையில் சவரி பெயருக்கு ஒரு கவர் இருந்தது. நம் நாட்டு ஸ்டாம்பு, ராமேஸ்வரம் முத்திரை. நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சவரி உடைத்தார். எழுத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து தெரசாவைக் கூப்பிட்டார். கடிதத்தை என்னிடம் கொடுத்து, "படிங்க" என்றார்.

புஷ்பமேரிதான் எழுதியிருந்தாள். லயம் எரிந்ததாம். கோயில் பள்ளிக்கூடத்தில் இருந்து, பிறகு வவுனியாப் பக்கம் ஒரு முகாமுக்குப் போனார்களாம். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இந்தியாவுக்குப் போட்ட இரண்டு கடிதமும் எங்கே போயினவோ தெரியவில்லையாம். நான் வாசித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

'டிசம்பர் மூணாந் தேதி இந்தியாவுக்குன்னு தனியா போடுற நிகழ்ச்சியில நம்ம அட்டைய வாசிச்சாங்கப்பா. முகாம்ல ஒருத்தரு ரேடியோவுல நானே கேட்டேன். நீங்களும் கேட்டிருப்பீங்கன்னு சந்தோசமா இருந்தேன்.'

இந்தியாவுக்கென்று தனி. உள்நாட்டுக்கு ஒரு நிகழ்ச்சி, நமக்கு ஒரு நிகழ்ச்சி, வேறு வேறு அலைவரிசையில். நான் அன்றைக்குப் பிடித்துக் கொடுத்தது அவர்கள் நாட்டுக்குள் பேசிக்கொள்வதை. மூன்றாவது பட்டன் இருந்த ரேடியோ அந்த நேரத்தில் தர்மபுரியில் துணிக்குள் கிடந்தது. எல்லாம் ஒன்றுதான்யா என்று சொன்ன வாய் என்னுடையது.

"நிறுத்திட்டீங்களே, படிங்க" என்றாள் தெரசா.

மீதியையும் படித்தேன். 'ஆபீஸுக்குப் போனேன். நீங்க செத்துட்டதா உங்க அப்பாவே எழுதிட்டாரு, எடத்த வேற குடும்பத்துக்குக் குடுத்தாச்சின்னு சொன்னாங்க. நான் முன்னாலயே நிக்கிறேனேன்னு அழுதேன். பேர கடைசியில சேத்திருக்காங்க. நீங்க தெரியாமத்தான் எழுதியிருப்பீங்க, எனக்கு வருத்தம் இல்லப்பா. எங்க எடத்துல வர்ற அக்கா கையிலதான் இந்தக் கடுதாசிய குடுத்து விடுறேன். எறங்குன ஒடனே தபால்ல போட்டிருவாங்க.'

தெரசா கடிதத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பெருங்குரலெடுத்து அழுதாள். மகள் உயிரோடிருக்கும் சந்தோஷமும் அதில் இருந்தது. சவரி அழவில்லை. டின்னைத் திறந்து ரெஜிஸ்தர் ரசீதைத் தேடி எடுத்தார்.

"சார், அனுப்புன தபால திருப்பி வாங்கறதுக்கு விதி இருக்குதுங்களா?"

"டெலிவரி ஆகறதுக்கு முந்தின்னா இருக்குதுங்கய்யா."

ஒப்புதல் அட்டையில் இருந்த கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவர் எழுதிய மனுக்களுக்குக் கணக்கில்லை. ஒவ்வொன்றையும் என் கையாலேயே சுத்தப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். பட்டியல் நகர்ந்தது, ஆனால் ஆமை வேகம். அந்த வருஷம் முடிவதற்குள் கப்பலே நின்றுவிட்டது. மீண்டும் விடுவார்கள் என்றார்கள். விடவில்லை.

எண்பத்தைந்தில் அரசாங்கம் ரேடியோ லைசென்ஸையே எடுத்துவிட்டது. எத்தனை பேண்ட் ஆனாலும் காகிதம் வேண்டாம். தர்மபுரிக்கு நாலு தடவை அலைந்து ரேடியோவை மீட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சவரி அதைத் தொடவில்லை.

"லைசென்ஸ் வேண்டாங்கறதுக்கு ஒரு காயிதம் குடுங்க சார்" என்றார். எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம்தான் வாங்கிக்கொண்டார். பழைய பேட்டரிக் கட்டைகள் கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. உப்புக் காகிதத்தால் தேய்த்துப் புதுக் கட்டை போட்டார்.

அந்த டிசம்பர் மூன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். போவதற்குக் கூச்சமாக இருந்தது, போகாமலிருக்க அதைவிடக் கூச்சமாக இருந்தது. அவரே மூன்றாவது பட்டனை அமுக்கினார். அலை ஏறி இறங்கி, தெளிவாக வந்தது. ஏழெட்டுப் பெயருக்குப் பிறகு அறிவிப்பாளர், மற்ற எல்லோருக்கும் வாசித்த அதே உற்சாகக் குரலில் வாசித்தார்.

'இந்தியா, தர்மபுரி மாவட்டம், பாப்பாரப்பட்டி வழி, அன்பு அப்பா சவரி அவர்களுக்கு இன்று பிறந்தநாள். வாழ்த்துவோர் மருமகன் அல்போன்ஸ், பேத்தி, மற்றும் உயிரோடு இருக்கும் மகள் புஷ்பமேரி.'

பாட்டுப் போட்டார்கள். தெரசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் சவரி சத்தத்தைக் குறைத்தார். பிறகு ரேடியோவின் முகப்பைக் காட்டி, கோபமே இல்லாமல், ஒரு விவரத்தைச் சரிபார்த்துக்கொள்கிறவர் போலக் கேட்டார்.

"மூணாவதுதானுங்களே சார்?"

"ஆமாங்கய்யா" என்றேன். "மூணாவதுதானுங்க."